ஒட்ட இடமில்லாத அட்டை

டெல்லியில் புதுசாக ஒரு சட்டம் வந்திருக்கிறதாம். ஆபீசில் மேலதிகாரி செய்கிற திருட்டை எழுதிப்போட்டால், எழுதினவனை ஒரு பயலும் தொட முடியாதாம். மாற்றல் கிடையாது, மெமோ கிடையாது. வீட்டு வாசலில் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ் நிற்குமாம். அவர்களுக்கு டீ வாங்கித் தருகிற செலவுகூட அரசாங்கத்தோடதுதானாம்.

கடலூர் மஞ்சக்குப்பம் டீக்கடையில் இதைச் சொன்னவர் சடையப்பன், ஆபீஸ் யூனியன் செயலாளர். சடையப்பனுக்குச் சொன்னது அவருடைய மச்சான். மச்சானுக்குச் சொன்னது, ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து வந்த ஒருத்தர். அந்த ஒருத்தர் நாக்பூரில் இறங்கிவிட்டதால் மேற்கொண்டு விவரம் கிடைக்கவில்லை.

"துப்பாக்கி நெசமாவே இருக்குமா, இல்ல லத்திதானா?" என்று கேட்டார் லூர்துசாமி.

"ஏண்ணே, எழுதப் போறியா?"

"சும்மா ஒரு தகவலுக்குக் கேட்டேன்."

"நீ எழுதுனா அதுக்கும் ஒரு நம்பர் போட்டு, ரிஜிஸ்டர்ல ஏத்தி, மேனேஜர் கையெழுத்த வாங்கிக்கிட்டுதான அனுப்புவ."

கடையே சிரித்தது. லூர்துசாமியும் சேர்ந்து சிரித்தார். ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார். இது 2006-ஆம் வருஷம், மார்ச் மாசம்.

கடலூரில் மத்திய அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் இருந்தது. நெல் கிடங்குகளுக்குக் கோணிப்பையும் தார்ப்பாயும் வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. பெயர் பலகையில் இரண்டு வரிக்கு நீளும். 'சாக்கு ஆபீஸ்' என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். அங்கே தபால் பிரிவில் இருபத்தாறு வருஷமாக இருந்தவர் லூர்துசாமி. வீடு சிதம்பரத்தில். தினமும் காலை பஸ். ஏறினதும் தூங்கிவிடுவார். சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றம் மூக்கில் ஏறும்போது விழிப்பு வரும். எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டால் கடலூர்.

அவர் மேஜையில் இரண்டு பதிவேடுகள். உள்ளே வருகிற தபாலுக்கு ஒன்று, வெளியே போகிற தபாலுக்கு ஒன்று. வெளியே போகும் தபால் பெரும்பாலும் பதிவுத் தபால். அதன் முதுகில் ஒரு ஒப்புகை அட்டை ஒட்டிப் போகும். பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட்டதும் அந்த அட்டை மட்டும் கழன்று, வந்த வழியே திரும்பி வரும். ஏ.டி. கார்டு என்பார்கள். திரும்பி வந்த ஒவ்வொரு அட்டையையும் பதிவேட்டில் அந்தந்த வரிக்கு எதிரே ஒட்டிவிடுவார் லூர்துசாமி. ஒரு காகிதம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இந்த உலகத்தில் அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது என்பது அவர் விசுவாசம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் அந்த வரி இல்லை, அவ்வளவுதான்.

நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்கு முன்னால் ராஜாமணிக்கு அவர் எழுதிய ஒரே கடிதம்கூட ஒப்புகை அட்டையோடுதான் போனது. "கையெழுத்துப் போட்டு வாங்கித் தொலைச்சிட்டேன். அதான் தப்பிக்க முடியல" என்று அந்த அம்மாள் இன்றைக்கும் உறவுக்காரர்களிடம் சொல்வார். அந்த அட்டையை லூர்துசாமி இன்னும் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட மனுஷன் ஏன் துப்பாக்கிப் போலீசைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றால், அதற்குக் காரணம் இரண்டு கடிதங்கள்.

போன வருஷக் கடைசியில் பெய்த மழை எல்லோருக்கும் தெரியும். கொள்ளிடம் கரையை மிதித்துக்கொண்டு வந்தது. நவம்பர் முப்பதாம் தேதி மண்டல மேலாளர் சபாபதி தலைமையிடத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார்: கீரப்பாளையம் கிடங்கில் இருந்த நானூறு புதுத் தார்ப்பாய்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு நம்பர் போட்டு அனுப்பினவர் லூர்துசாமி. டிசம்பர் ஒன்பதாம் தேதி லாரி கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: பாலம் சேதமானதால் கீரப்பாளையத்துக்கு வர வேண்டிய நானூறு தார்ப்பாய்கள் இன்னும் சேலத்திலேயே நிற்கின்றன, தாமதத்துக்கு வருந்துகிறோம். அதற்கும் முத்திரை குத்தி உள்ளே எடுத்தவர் லூர்துசாமி.

சேலத்தில் லாரியில் இருந்த தார்ப்பாயைக் கீரப்பாளையத்து வெள்ளம் எப்படி அடித்துக்கொண்டு போகும்? அப்படி ஒரு வெள்ளம் நோவா காலத்தில்கூட வந்ததில்லை.

இந்த இரண்டு கடிதமும் ஒன்றையொன்று சந்தித்தது அவர் மண்டைக்குள் மட்டும்தான். சபாபதி எல்லாவற்றிலும் பச்சை மையில் ஒரு 'S' போட்டுக் கீழே தள்ளிவிடுவார். பொங்கல் முடிந்து, பஸ் ஜன்னலில் ஒருநாள் புதுச்சத்திரம் பக்கம் ஒரு இறால் பண்ணையைப் பார்த்தார் லூர்துசாமி. பண்ணைக் கொட்டகை முழுக்கப் புதுத் தார்ப்பாய். ஓரத்தில் அவர்கள் நிறுவனத்து முத்திரை, அரைகுறையாகத் தேய்த்தது. அதே வாரம் கீரப்பாளையத்தில் மூடாமல் கிடந்த நெல் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டிருந்தது. அந்தக் கிடங்கின் பொறுப்பாளர், பாவம், "தார்ப்பாய் எங்க சார்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். பத்தாம் நாள் அவருக்குப் பீகாருக்கு மாற்றல் வந்தது. அவர் மனைவி புவனகிரியில் இருக்கிறாள். அவர் ஹிந்தி படித்துக்கொண்டிருக்கிறார். அந்த மாற்றல் உத்தரவுக்கும் நம்பர் போட்டது லூர்துசாமிதான்.

அவருக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம். மேற்கே மங்கலம்பேட்டை, வடக்கே பாண்டிச்சேரி. அதைத் தாண்டி ராத்தங்கினவர் இல்லை. பேர் வெளியே தெரிந்தால் பீகார். இது ஒன்றுதான் பயம். மற்றபடி எழுதுவதற்கு அவருக்குக் கை வலி எதுவும் கிடையாது.

மகள் ஜான்சி பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். கீழவீதி பிரவுசிங் சென்டரில் தேடி, நாலு பக்கம் பிரிண்ட் எடுத்துவந்து, இங்கிலீஷில் இருந்ததைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தமிழில் சொன்னாள்.

"மொதல்ல இது சட்டமே இல்லப்பா. தீர்மானம். ரெண்டாயிரத்து நாலுல போட்டது. சட்டம் இனிமேதான் வரணும்."

"நமக்குப் பொருந்துமா?"

"மத்திய அரசு ஆபீஸ், மத்திய அரசு கம்பெனி எல்லாத்துக்கும் பொருந்தும். டெல்லியில ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதணும். பேர ரகசியமா வச்சுக்குவாங்க. எழுதுனதுக்காகத் தொந்தரவு குடுத்தா, அவுங்ககிட்ட சொல்லலாம், தடுப்பாங்க."

"துப்பாக்கி?"

"துப்பாக்கி பத்தி ஒண்ணும் போடல. ஆபத்துன்னு அவுங்களுக்குப் பட்டா பாதுகாப்பு ஏற்பாடு பண்ணுவாங்களாம்."

லூர்துசாமிக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஜான்சி மேலே படித்தாள். உள்ளே கடிதத்தில் பேரும் விலாசமும் இருக்க வேண்டும், மொட்டைக் கடிதாசியைத் தொடமாட்டார்கள். உறைக்கு வெளியே பேர் இருக்கக் கூடாது. அப்புறம் மூன்றாவதாக ஒன்று.

"கடிதம் கெடைச்சுதுன்னு அவுங்க ஒப்புகை அனுப்பமாட்டாங்க. திருப்பித் திருப்பிக் கேட்டும் எழுதக் கூடாதாம். நம்ம நல்லதுக்குத்தான்."

லூர்துசாமி சோற்றில் வைத்த கையை எடுத்தார். "அப்போ போய்ச் சேந்துதுன்னு எப்புடித் தெரியும்?"

"நம்பணும்பா."

"யார?"

"தபாலத்தான்."

"இருவத்தாறு வருஷமா தபால்ல இருக்கேன். என்கிட்டயே சொல்றியா?"

"விடுடி, அவருக்குப் பேரு வெளிய வந்தாக்கூடப் பரவால்ல, கார்டு வரலேன்னாதான் ஜுரம் வந்துடும்" என்றார் ராஜாமணி. அந்த அம்மாளுக்கு விஷயம் முழுசும் தெரியும். 'பி.எஃப். சம்பந்தமா எழுதறேன்' என்று லூர்துசாமி சொல்லிப் பார்த்திருந்தார். பொய் சொன்னால் அவர் காது சிவந்துவிடும்.

எழுத மூன்று மாசம் ஆயிற்று. இரண்டு கடிதங்களின் நம்பரும் தேதியும், இறால் பண்ணை, முளைத்த நெல், எல்லாம் ஒன்றரைப் பக்கம். தலையில் சின்னதாக ஒரு சிலுவை. ஜூன் பதினேழு சனிக்கிழமை, ஆபீஸ் விடுமுறை. கடலூரில் போட்டால் தெரிந்துவிடும், சிதம்பரத்திலும் ஆள் உண்டு என்று, இரண்டு பஸ் மாறி விருத்தாசலம் தாண்டி மங்கலம்பேட்டைக்குப் போனார். அங்கே தன்னை ஈ காக்கைக்குத் தெரியாது. ஸ்டாம்பு வாங்குவோம், ஒட்டுவோம், பெட்டியில் போடுவோம், திரும்பிப் பார்க்காமல் வருவோம். திட்டம் நன்றாகத்தான் இருந்தது.

கவுன்ட்டரில் திலகவதி உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு வருஷம் மஞ்சக்குப்பம் தபால் ஆபீசில் அவருடைய கட்டுக் கட்டான பதிவுத் தபாலை வாங்கிப் போட்டவள். போன வருஷம் பதவி உயர்வில் எங்கோ போனாள் என்று கேள்விப்பட்டு, நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தியிருந்தார். எங்கே என்று கேட்டு வைத்திருக்கலாம்.

"சாக்கு ஆபீஸ் சார். என்னா இவ்ளோ தூரம்?"

"ஒரு... கல்யாணம்."

"ஆனி மொதல் முகூர்த்தமா? குடுங்க சார். ரிஜிஸ்டர்தான?"

"இல்லம்மா, சாதா ஸ்டாம்பு போதும்."

திலகவதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். உடம்பு சரியில்லாதவரைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "சாதா தபாலா? நீங்களா? நீங்க ஏ.டி. இல்லாம ஒரு கவர அனுப்பி நான் பாத்ததே இல்லியே சார். டெல்லிக்கு வேற போவுது. வழியில தொலைஞ்சா யாரைக் கேப்பீங்க?"

அந்தக் கேள்விதான் அவரைச் சாய்த்தது. மூன்று மாசமாக ராத்திரியும் பகலும் அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. ஆணையம் ஒப்புகை அனுப்பாது என்றுதான் விதி. தபால் இலாகா அனுப்பினால்? அதைப் பற்றி நாலு பக்கத்திலும் ஒன்றும் போடவில்லையே.

"சரி, போட்டுடு" என்றார்.

"அடடா, ஏ.டி. கார்டு ஸ்டாக் இல்ல சார். திங்கக்கெழமதான் வரும்."

"கார்டுக்கு என்னா பஞ்சம்" என்று பையைத் திறந்தார் லூர்துசாமி. கார்டு இல்லாமல் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பினதில்லை. டெல்லி விலாசத்தை அழகான குண்டு எழுத்தில் எழுதி நீட்டினார். "அனுப்புநர் பேர் உறையில இல்லியே சார்" என்றவள், கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "சரி, இதுல இருக்கு" என்று திருப்தியாகத் தலையை ஆட்டி ஒட்டிக்கொண்டாள். ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில், புவனகிரி தாண்டும்வரை அந்த நிறைவு இருந்தது. அப்புறம் மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. கார்டு ஆபீஸ் கார்டு. அரசாங்கச் சொத்தைச் சொந்தக் காரியத்துக்கு எடுத்தாயிற்று. தார்ப்பாய்த் திருட்டை எழுதப்போன இடத்தில் ஒரு கார்டுத் திருட்டு. திங்கட்கிழமை முதல் வேலையாகச் சொந்தக் காசில் ஒரு கார்டு வாங்கி ஆபீஸ் கட்டோடு சேர்த்துவிட வேண்டும். அந்தக் கட்டு திங்கட்கிழமைதான் தயாராகும். அட்டெண்டர் அய்யனார் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அம்பது கார்டை எடுத்து, பின்பக்கம் வயலட் மையில் ஆபீஸ் சீல் குத்தி...

பஸ் கீரப்பாளையத்தில் நின்றது.

பின்பக்கம் வயலட் மையில், 'மண்டல மேலாளர், கடலூர்' என்று ஆபீஸ் சீல் குத்தி வைப்பார். கார்டு திரும்பிப் போக வேண்டிய விலாசம் அது. லூர்துசாமி ஆயிரக்கணக்கான கார்டு எழுதியிருக்கிறார். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

டெல்லிக் கண்காணிப்பு ஆணையத்தின் முத்திரையோடு அந்த அட்டை இனி சபாபதியின் விலாசத்துக்கு வரும்.

கிடங்கு வாசலில் ஆடு ஒன்று முளைத்த நெல்லை மேய்ந்துகொண்டிருந்தது. லூர்துசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேசுவே" என்று மட்டும் ஒருதரம் சொன்னார்.

ஒரு சமாதானம் இருந்தது. தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். முதலில் வாங்குவது லூர்துசாமி. கையில் கிடைத்ததும் பைக்குள் போட்டுக்கொண்டால் முடிந்தது. ஆகவே திங்கட்கிழமையிலிருந்து பத்தரைக்கே கேட்டில் போய் நின்றார். பீடி குடிக்காதவர் அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று வாட்ச்மேனோடு கிரிக்கெட் பேசினார். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது. மைத்துனர் வீட்டுப் புதுநன்மை விசேஷத்துக்கு லீவு போடவில்லை. பல்வலிக்கு லீவு போடவில்லை. "ஆபீசு ஒங்க முதுகுல நிக்குதா?" என்றார் ராஜாமணி.

ஒன்பதாம் நாள் காலை படுக்கையிலிருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. அந்த வருஷம் ஊர் பூராவும் சுற்றிக்கொண்டிருந்த சிக்குன்குனியா அவர் வீட்டுக் கதவையும் தட்டிவிட்டது. முழங்கால் மடங்கினால் நீளவில்லை, நீண்டால் மடங்கவில்லை. விரல்கள் வீங்கிச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடு" என்று ஜான்சியைக் கெஞ்சினார்.

"மூட்டையாக் கட்டித்தான் கொண்டுபோவணும்" என்றாள் அவள்.

ஐந்தாம் நாள் அய்யனார் பார்க்க வந்தார், கையில் ஒரு டஜன் சாத்துக்குடி. பதினெட்டு வருஷமாக லூர்துசாமியிடம் வேலை பழகினவர். குரு எப்படியோ சீடனும் அப்படியே. நிலவேம்புக் கஷாயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். அப்புறம் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்தார்.

"டெல்லியிலேருந்து ஒரு ஏ.டி. கார்டு வந்துது சார்."

லூர்துசாமி கண்ணை மூடிக்கொண்டார். "எங்க வச்ச?"

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் சார். உள்வரவு ரிஜிஸ்டர்ல ஏத்துனேன். நம்பர் போட்டேன். மேனேஜர் சார் டிரேயில வச்சேன்."

தான் கற்றுக்கொடுத்த பாடம் இவ்வளவு ஒழுங்காகப் படிக்கப்பட்டதற்கு எந்த ஆசிரியரும் இப்படி வருந்தியிருக்கமாட்டார்.

"பாத்தாரா?"

"பச்ச மையில எஸ் போட்டு அனுப்பிட்டார் சார்."

"அது தெரியும்யா. படிச்சாரா?"

"அவரு படிக்கறாரா இல்லியான்னு இதுவரைக்கும் யாருக்கு சார் தெரியும்?" அய்யனார் குரலைத் தாழ்த்தினார். "அப்பறம் ஒட்டலாம்னு வெளிய போற ரிஜிஸ்டர எடுத்தேன். ஜூன் மாசம் பூரா பாத்துட்டேன் சார். ஒட்ட எடமில்ல. அப்புடி ஒரு தபாலே நாம அனுப்பல."

ராஜாமணி சாத்துக்குடியை உரிப்பதை நிறுத்தினார்.

"உங்க எழுத்து சார் கார்டுல" என்றார் அய்யனார், ஏதோ உடம்பு நலம் விசாரிப்பதுபோல. "நான் ஒண்ணும் கேக்கல. பதினாறாந்தேதி வெள்ளிக்கெழம கடைசி என்ட்ரிக்குக் கீழ ஒரு வரி காலியா கெடக்குது. 'காலாண்டு அறிக்கை, டெல்லி'ன்னு எழுதி கார்ட ஒட்டிட்டா, கேக்க நாதியில்ல. உங்களால வெரல மடக்க முடியாது. நான் எழுதிடவா?"

"எழுதச் சொல்லுங்க" என்றார் ராஜாமணி. "ஒரு வரிதான. பீகாருக்கு நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

ஒரு வரிதான். எழுதிவிட்டால் அந்த அட்டை ஆபீஸ் அட்டை; பேர் வெளியே வராது; நாலு வருஷம் சிப்காட் நாற்றத்தில் விழித்துக்கொண்டே ஓய்வு பெற்றுவிடலாம்.

"அதுக்கு என்னா நம்பர் போடுவ?" என்றார் லூர்துசாமி.

"அதான் சார், அடுத்த நம்பர்."

"அடுத்த நம்பர் திங்கக்கெழம மொதத் தபாலுக்குப் போயிடுச்சு. இதுக்கு அதக் குடுத்தா அது ஒண்ணு தள்ளணும். அதுக்கு அடுத்தது ஒண்ணு தள்ளணும். இன்னிவரைக்கும் எல்லாம் பொய்யாயிடும்யா."

"அ-ன்னு போட்டுக்கலாம் சார். இன்ன நம்பர் போட்டு, ஒரு சாய்கோடு இழுத்து, பார் அ."

"இருவத்தாறு வருஷத்துல ஒரு பார் அ கெடையாது." குரலில் காய்ச்சலையும் மீறி ஒரு கண்டிப்பு இருந்தது. "வேணாம். கார்ட அந்தப் பக்கத்துக்கு நடுவுல சும்மா சொருவி வை. ஒட்டாத. எழுதாத."

நம்பருக்காகத்தான் மறுத்ததாக அவர் பிற்பாடு வீட்டில் சாதித்தார். காது சிவந்திருந்தது என்று ஜான்சி சொல்கிறாள், ஜுரத்தால் இருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து, வளைந்த முதுகோடு ஆபீசுக்குப் போனார். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நடந்துகொண்டிருந்ததால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. சபாபதி அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர் மாதிரி பேசுவார், யாரையும் அதட்டினதில்லை. அந்தக் கிடங்குப் பொறுப்பாளரைக்கூட மாலை போட்டுத்தான் பீகாருக்கு அனுப்பினார்.

"ஒடம்பு தேவலையா லூர்து?"

"பரவால்ல சார்."

"டெல்லியிலேர்ந்து ஒரு கார்டு வந்துச்சே. ஒட்டியாச்சா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"எடம் பாத்துக்கிட்டிருக்கேன் சார்."

சபாபதி பச்சைப் பேனாவின் மூடியைத் திருகிப் போட்டார். புன்னகை செய்தார். "நிதானமா பாருங்க. அவசரமில்ல."

படித்துவிட்டாரா, இல்லை பேச்சுக்குக் கேட்டாரா? அந்த வாரம் முழுக்க லூர்துசாமி அந்தப் புன்னகையை எடுத்து எடுத்துப் பார்த்தார். காலையில் ஒரு மாதிரி தெரிந்தது, சாயங்காலம் வேறு மாதிரி. "டீக்கடையில என்னாண்ணே பேச்சக் காணும்?" என்று சடையப்பன் கேட்டதற்குக்கூட, "மூட்டு வலி" என்றுதான் பதில்.

செப்டம்பர் கடைசியில் வீட்டு விலாசத்துக்கு டெல்லி ஆணையத்திலிருந்து ஒரு சாதாரண உறை வந்தது. ஜான்சி படித்தாள். இந்தக் கடிதத்தை எழுதியது நீங்கள்தானா? ஆமென்றால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் அடையாளம் ரகசியமாக வைக்கப்படும்.

"இல்லன்னு சொன்னா?" என்றார் ராஜாமணி.

"அத்தோட முடிஞ்சுது. ஃபைல மூடிடுவாங்க."

"மூடட்டுமே."

லூர்துசாமி உறையை வாங்கிக்கொண்டார். அந்த உறை மூன்று நாள் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. நாலாம் நாள் காலை பஸ்ஸில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. புதுச்சத்திரம் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. இறால் பண்ணைக் கொட்டகையின் தார்ப்பாய் இழுத்துக் கட்டி விறைப்பாக இருந்தது. கீரப்பாளையத்தில் குறுவை நெல் வந்து இறங்கிக் கொண்டிருக்கும், திறந்த வெளியில். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்னும் வீக்கம் வடியாத விரலால் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து மாதிரியே இல்லை.

"இதுக்கும் ஒரு கார்டு ஒட்டுவீங்களா?" என்று கேட்டார் ராஜாமணி.

"பேசாம இரு."

சாதா ஸ்டாம்பு ஒட்டி, தெற்கு வீதி முனைத் தபால் பெட்டியில் போட்டார். நம்பர் இல்லை, ரசீது இல்லை, அட்டை இல்லை. விழுந்த சத்தம் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுத் தடவினார். உள்ளே ஒன்றும் தட்டுப்படவில்லை. எதிர்க்கடைக்காரர், "என்னா சார், லெட்டர திருப்பி எடுக்கறீங்களா?" என்றார். "இல்லப்பா, போட்டேனான்னு பாக்கறேன்" என்றார் லூர்துசாமி.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை, சென்னையிலிருந்து இரண்டு பேர் ஆபீசுக்கு வந்தார்கள். யாரிடமும் ஒன்றும் விளக்கவில்லை. போன வருஷத்துப் பதிவேடுகள், இந்த வருஷத்துப் பதிவேடுகள், எல்லாவற்றையும் கேட்டார்கள். லூர்துசாமி எடுத்துக் கொடுத்தார். பெற்றுக்கொண்டதற்கு அவர்களாகவே ரசீது எழுதிக் கொடுத்தபோது அவருக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது. ஒருவர் வெளித்தபால் பதிவேட்டைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்போது ஜூன் பக்கங்களுக்கு நடுவிலிருந்து ஏதோ நழுவி, மேஜையில் விழுந்தது. குண்டு எழுத்து மேலே தெரிந்தது.

வழியனுப்ப வந்து பக்கத்தில் நின்ற சபாபதி அதைக் குனிந்து எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இந்தமுறை படித்தார், உதடு அசைந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வந்தவர்களை ஜீப் வரைக்கும் போய் அனுப்பிவைத்தார். அன்றைக்கு அவர் யாரையும் கூப்பிடவில்லை. சனிக்கிழமையும் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ராஜாமணி கோழிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்துவிட்டது. கூடத்தில் டெலிபோன் அடித்தது. நம்பர் காட்டுகிற சின்னப் பெட்டியை ஜான்சி எட்டிப் பார்த்து, நம்பரை வாய்விட்டுப் படித்தாள். அந்த நம்பரை லூர்துசாமிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாக ஆபீஸ் கடிதத்தாள் தலைப்பில் பார்க்கிற நம்பர். மேலாளர் மேஜை டெலிபோன். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை, மழை. ஆபீசில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

"எடுங்களேன்" என்றார் ராஜாமணி, அம்மிக் குழவியைப் பிடித்தபடி.

"என்னா கேப்பாரு?"

"எடுத்தாத்தான தெரியும்."

"கேட்டா என்னா சொல்றது? எனக்குப் பொய் வராதே."

"போன்ல காது தெரியாதுப்பா" என்றாள் ஜான்சி. சொல்லிவிட்டு அவளே சிரிக்கவில்லை.

லூர்துசாமி அலமாரியிலிருந்து அந்த நாலு பக்கப் பிரிண்டை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாதுகாப்பு என்று எத்தனையோ இடத்தில் போட்டிருந்தது. ரகசியம் என்று போட்டிருந்தது. மேலாளர் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் எடுக்கலாமா கூடாதா என்று ஓரிடத்திலும் இல்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். டெலிபோன் நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி அடிக்க ஆரம்பித்தது. லூர்துசாமி காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மழையில் இன்னும் பிடித்துக்கொள்கிற முழங்காலைத் தேய்த்துவிட்டு, கூடத்துக்கு நடந்தார். கருவியின்மேல் கையை வைத்தார். உள்ளங்கையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.